அம்மா பாடிய வேகம்

ஸ்ரீரங்கம்
3 ஜூலை 2024

திரு. மதுசூதன் அவர்களுக்கு,

பழைய இசைத்தட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பாக்கெட்டில் வைத்துக் கேட்கிற சின்ன ப்ளேயரில் போட்டுத் தருகிறீர்களாமே. கே.கே. நகரில் உங்கள் வீட்டு வாசலில் போர்டே தொங்குகிறதாம். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வருகிற ரஞ்சனி உங்களுக்கு அடுத்த தெரு. அவள் சொல்லித்தான் தெரியும். கூடப் பிறந்த அண்ணன் ரிட்டையரான பிறகு என்ன செய்கிறான் என்பதை வேலைக்கு வருகிற பெண் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. போகட்டும்.

உறவு கொண்டாட எழுதவில்லை. ஒரு வேலை இருக்கிறது.

அப்பாவுக்கு மே மாதம் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறுகிறது. எண்பத்தைந்து வயதில் இனி எழுந்து நடமாடுவார் என்று டாக்டரும் சொல்லவில்லை, நானும் நம்பவில்லை. போன வாரம் கரண்ட் ஏறி இறங்கியதில் நம் வீட்டு ரெக்கார்ட் ப்ளேயரின் மோட்டார் எரிந்துவிட்டது. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரேடியோ ரிப்பேர் செய்கிறவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். "இதுக்கு மோட்டார் எங்க தேடினாலும் கிடைக்காதுங்க டீச்சர்" என்று கையை விரித்துவிட்டார்.

அம்மா பாடியதில் உலகத்தில் மிஞ்சியிருப்பது அந்தச் சின்னத் தட்டின் ஒரு பக்கம், ஒரே ஒரு தாலாட்டு. அவள் போனபோது எனக்கு ஒன்றரை வயது. முகம் ஞாபகம் இல்லை. போட்டோவைப் பார்த்தால் யாரோ மாமியைப் பார்ப்பது போல இருக்கும். அந்தக் குரல்தான் எனக்கு அம்மா. அதைக் கேட்டு வளர்ந்தேன், பரீட்சைக்குப் போனேன், கல்யாணம் வேண்டாம் என்று முடிவு செய்ததுகூட அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். 

அம்மா குரலைக் கேட்டுக்கொண்டே அப்பா போக வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்காகத்தான் உங்களிடம் வருகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், அப்பாவின் சதாபிஷேகத்தில், நூறு பேருக்கு எதிரே அம்மா பாடிக்கொண்டிருந்தபோது எழுந்துபோய் ப்ளக்கைப் பிடுங்கினீர்கள். ஏன் என்று கேட்டதற்கு வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல நின்றீர்கள். அம்மா குரலை நிறுத்தினவன் இனி இந்தப் படி ஏற வேண்டாம் என்று சொன்னேன். அதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. வேலையை முடித்து ரஞ்சனியிடம் கொடுத்தனுப்பினால் போதும். போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ரா. ஹம்ஸா


கே.கே. நகர்
6 ஜூலை 2024

ஹம்ஸாவுக்கு,

நீ என்னை நீங்கள் என்று எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். சரி, உனக்கு அப்படித் தோன்றினால் அப்படியே இருக்கட்டும். எனக்கு அது வராது.

அப்பா விஷயம் தெரியும். ஆஸ்பத்திரிக்கு மூன்று நாளும் வந்தேன். நீ மாடியில் அவர் பக்கத்தில் இருந்தாய். நான் கீழே மருந்துக்கடை பெஞ்சில் இருந்தேன். நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று வாட்ச்மேன் சொன்னதும் பஸ் ஏறிவிட்டேன். அதைச் சொல்லிக்காட்ட எழுதவில்லை. விசாரிக்கவே இல்லை என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாயே என்றுதான்.

அந்தத் தட்டு விஷயமாக ஒன்று கேட்கிறேன். எரிந்த மோட்டாரை என்னிடம் கொடுத்தனுப்பேன். காயிலை நானே சுற்றிப் பார்க்கிறேன். ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் அதைத்தானே செய்தேன். ஒரு மாதம் டயம் கொடு. பழையபடி அந்தப் பெட்டியிலேயே நீ கேட்கலாம். கம்ப்யூட்டரில் ஏற்றுவது எல்லாத் தட்டுக்கும் ஒத்து வரும் என்று சொல்ல முடியாது.

யோசித்துச் சொல்.

மது


ஸ்ரீரங்கம்
8 ஜூலை 2024

அப்பாவுக்கு ஒரு மாதம் இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது.

ஊரார் தட்டையெல்லாம் ஏற்றித் தருகிறவருக்கு அம்மா தட்டு மட்டும் ஒத்து வராதா? சாக்குச் சொல்ல வேண்டாம். தட்டை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, பழைய பட்டுத்துணி சுற்றி அனுப்பியிருக்கிறேன். உடைந்தால் என் முகத்தில் விழிக்க வேண்டாம்.

ஹம்ஸா


கே.கே. நகர்
15 ஜூலை 2024

ஹம்ஸாவுக்கு,

தட்டு பத்திரமாக வந்தது. இத்துடன் பத்திரமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்துத்தான் ஊசியை வைத்தேன். காடியில் ஐம்பது வருஷத் தூசி இருந்தது. சின்னச் சின்னப் பொரிச் சத்தங்களை எடுத்துவிட்டேன். நடுவில் ஒரு கீறல் இருக்கிறது, அதை எடுக்கப் போனால் அந்த இடத்தில் அம்மாவின் மூச்சும் சேர்ந்து போகிறது. அதனால் விட்டுவிட்டேன்.

ப்ளேயரில் அந்த ஒரு பாட்டுத்தான் இருக்கிறது. அப்பா இடது கையாலேயே அழுத்திக்கொள்ளலாம், நடுவில் இருக்கிற பெரிய பட்டன். காதில் வைக்கிற ஒயரை அளவு பார்த்துச் சின்னதாக வாங்கியிருக்கிறேன்.

வேலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க முழுக்க ஒரு தடவை கேட்டேன். இரண்டாவது தடவை கேட்க என்னால் முடியவில்லை.

மது


ஸ்ரீரங்கம்
16 ஜூலை 2024

இது யார்?

அப்பாவுக்குப் போடுவதற்கு முன்னால் நானே கேட்டுவிடலாம் என்று காதில் வைத்துக்கொண்டேன். யாரோ ஒரு பெண் பாடுகிறாள். இருபது இருபத்தைந்து வயதிருக்கும். கீச்சுக்குரல். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவள் மாதிரி ஓடுகிறாள். வார்த்தை அதே வார்த்தை, கீறல் அதே இடத்தில் இருக்கிறது, ஆனால் பாடுகிறவள் என் அம்மா இல்லை. அம்மா நிதானமாகப் பாடுவாள். அடிவயிற்றிலிருந்து வருகிற குரல். ஒவ்வொரு வரிக்கும் நடுவில் நான் ஒரு தடவை மூச்சு விட்டு முடிக்கலாம்.

என்ன செய்தாய் அவளை? கம்ப்யூட்டரில் என்னென்னவோ செய்யலாம் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொல்கிறார்கள். இளசாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாயா? அன்றைக்குப் பாதியில் நிறுத்தினது போதாதா?

மரியாதையெல்லாம் போய்விட்டது, ஒருமையில் எழுதுகிறேன், போகட்டும். எனக்கு உன் கைவேலை எதுவும் வேண்டாம். அம்மாவை எப்படிக் கொடுத்தேனோ அப்படித் திருப்பிக் கொடு. அதுவரை இதை அப்பாவிடம் காட்டப் போவதில்லை.

ஹம்ஸா


கே.கே. நகர்
19 ஜூலை 2024

ஹம்ஸாவுக்கு,

நான் அவளை ஒன்றும் செய்யவில்லை. தட்டின் நடுவில் ஒட்டியிருக்கிற காகிதத்தைப் பார். நாற்பத்தைந்து என்று போட்டிருக்கும். நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று. என் மெஷின் அதே வேகத்தில்தான் சுற்றியது, அளந்து பார்த்துத்தான் வைத்தேன். நம் வீட்டுப் பெட்டி பழசு. தேய்ந்துபோய்க் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கலாம். மெதுவாக ஓடினால் குரலும் தாழ்ந்துதான் கேட்கும்.

அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை.

உனக்குப் பழையபடி வேண்டுமென்றால் மெதுவாக்கித் தர முடியும். கொஞ்ச நாள் பொறு.

மது


ஸ்ரீரங்கம்
24 ஜூலை 2024

அண்ணா,

கோபத்தில் இதுவரை அண்ணா என்று கூப்பிட்டு எழுதவில்லை. இப்போது கோபத்தைவிடப் பெரிய விஷயம் நடந்துவிட்டது.

திங்கட்கிழமை நான் ஸ்கூலில் இருந்தபோது, ரஞ்சனி மேஜை மேல் ப்ளேயரைப் பார்த்திருக்கிறாள். அப்பாவுக்காக நீ கொடுத்தது என்று அவளுக்குத் தெரியும். நல்ல எண்ணத்தில் அவர் காதில் வைத்துப் பட்டனை அழுத்திவிட்டாள். "முதல்ல கண்ணை அகலமா திறந்து பார்த்தாருங்க டீச்சர். அப்புறம் இடது கையால ஒயரைப் பிடிச்சு இழுத்து வீசிட்டாரு. குழந்தை மாதிரி அழுதாரு" என்கிறாள். அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. மூன்று நாளாகத் தளிகை பண்ணியது அப்படியே இருக்கிறது. ஸ்பூனில் தீர்த்தம் மட்டும் இறங்குகிறது. டாக்டர் டியூப் போட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. நான் இருபத்தேழு வருஷமாகக் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிறேன். எட்டாம் வகுப்பில் அப்பாவின் வாட்ச்சை வைத்து அம்மா பாட்டு எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். ஆறு நிமிஷம். மோட்டார் எரிவதற்கு முந்தின வாரம் மொபைலில் பார்த்தேன். அதே ஆறு நிமிஷம். நீ அனுப்பினது ஐந்து நிமிஷம் இருபது விநாடி. தேய்கிற மெஷின் வருஷத்துக்கு வருஷம் இன்னும் தேயும். நாற்பது வருஷம் ஒரே அளவில் நிற்காது. அது தேய்ந்தது இல்லை. யாரோ வேண்டுமென்று செய்தது.

நீ செய்தாயா? அப்பா எதைக் கேட்டு அழுதார்? உனக்குத் தெரியும். உன் கடிதத்தில் ஒவ்வொரு வரியும் பூசி மெழுகியிருக்கிறது. அப்பா என் கண் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். இப்போதும் சொல்லாவிட்டால் எப்போது சொல்வாய்?

ஹம்ஸா


கே.கே. நகர்
25 ஜூலை 2024

ஹம்ஸா,

ரஞ்சனி உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நிற்கிறாள். அவளை உட்காரச் சொல்லிவிட்டு எழுதுகிறேன். சொல்ல மாட்டேன் என்று அப்பாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன். அப்போது எனக்குப் பதிமூன்று வயது. இன்றைக்கு அதை உடைக்கிறேன்.

அம்மாவுக்குப் பதிமூன்று நாள் காரியமும் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். நீ விடாமல் அழுதுகொண்டிருந்தாய். என்ன செய்வதென்று தெரியாமல் அந்தத் தட்டைப் போட்டேன். சட்டென்று அழுகையை நிறுத்தினாய். தத்தித் தத்திப் பெட்டியிடம் போய், குரல் வருகிற இடத்தில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாய்.

அப்பா ஆபீஸிலிருந்து வருகிற நேரம். தெருவிலேயே அவருக்குக் கேட்டிருக்கிறது. "சத்யா" என்று கூப்பிட்டுக்கொண்டே செருப்புக் காலோடு கூடத்துக்கு ஓடி வந்தார். அவர் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பெட்டியைப் பார்த்தார். உன்னைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இனிமே இதைப் போடாதே" என்றார்.

ஆனால் அதைப் போடாமல் நீ தூங்கவில்லை. அவர் வீட்டில் இருக்கும்போது அதைப் போட முடியவில்லை. பத்து நாள் நாம் மூன்று பேரும் பட்ட பாடு சொல்லி முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பெட்டியை ஒரு போர்வையில் கட்டினார். உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு அரியமங்கலம் பஸ் ஏறினார். அங்கே ஜமீல் பாய் என்று ஒருவர் லேத் பட்டறை வைத்திருந்தார். பெட்டிக்குள் மோட்டாரின் தண்டில் படிப்படியாக வெட்டியிருக்கும், ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு படி. படி மெலிந்தால் தட்டு மெதுவாகச் சுற்றும். நம் வீட்டில் நாற்பத்தைந்தில் ஓடுகிற தட்டு அம்மாவுடையது ஒன்றுதான். அந்த ஒரு படியை மட்டும் லேத்தில் கொடுத்து மெலிசாக்கச் சொன்னார்.

"சார், இது கம்பெனி கொடுத்த அளவு. இதைக் குறைச்சா பாட்டு கெட்டுப்போகும் சார்" என்றார் ஜமீல் பாய்.

"கெட்டுப்போகட்டும்" என்றார் அப்பா.

பாய் கொஞ்சம் சீவினார். தட்டைப் போட்டுக் காட்டினார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டுத் தலையாட்டினார். இன்னும் கொஞ்சம். மறுபடியும் தட்டு. இன்னும் கொஞ்சம். மூன்றாவது தடவை போட்டபோது முழுப் பாட்டையும் கேட்டார். முகம் அசையவில்லை. "போதும். இது அவ இல்லை" என்றார்.

வருகிற வழியில் பஸ்ஸில் சொன்னார். "குழந்தைக்கு இனிமே இதுதான் அம்மா. அவகிட்ட நீ எந்நாளும் சொல்லப்படாது." தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார் என்று எழுதியிருந்தாய் அல்லவா? அவரால் முடிந்தது. பாடினது அம்மா இல்லையே.

சதாபிஷேகத்தன்று நீ மண்டபத்தில் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து மைக்கில் போட்டாய். எனக்குப் பக்கத்தில் சுப்ரஜா சித்தி உட்கார்ந்திருந்தாள். அம்மாவோடு ஒரே பாயில் உட்கார்ந்து பாட்டுக் கற்றுக்கொண்ட தங்கை. இரண்டு வரி கேட்டாள். "அக்கா குரல் இப்படியாடா இருந்தது? வேற யாரோ பாடறாப்ல இருக்கே" என்று எழுந்துகொள்ளப் பார்த்தாள். அவள் உன்னிடம் வந்து கேட்பதற்குள் நிறுத்த வேண்டும் என்பதுதான் எனக்குத் தோன்றியது. ப்ளக்கைப் பிடுங்கினேன். நீ சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். வேறு வழி இல்லை.

இப்போது ஏன் சரியான வேகத்தில் அனுப்பினேன் என்று கேட்பாய். அம்மா குரலைக் கேட்டுக்கொண்டே அப்பா போக வேண்டும் என்று நீதான் எழுதினாய். தட்டு என் கைக்கு வந்தது. அந்தக் குரல் வேண்டும் என்று கேட்டால் நான் வேறு எதை அனுப்புவேன் ஹம்ஸா? நாற்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு அவளை நானும் அன்றுதான் கேட்டேன். மறுபடியும் அதை மெதுவாக்க என் கை வரவில்லை. உன்னை நினைக்கவில்லை. அது என் தப்பு. அப்பா தாங்குவாரா என்றும் நினைக்கவில்லை.

ரஞ்சனியிடம் இன்னொரு ப்ளேயர் கொடுத்திருக்கிறேன். அதில் உன் அம்மா இருக்கிறாள். நாற்பத்தைந்தை நாற்பதாக்கினேன், ஆறு நிமிஷம் சரியாக வந்துவிட்டது. பாய் எவ்வளவு சீவினார் என்று இத்தனை வருஷம் கழித்து நீ எண்ணி வைத்திருந்ததால்தான் தெரிந்தது. முதலில் இதை அப்பாவுக்குப் போடு. ஏதாவது சாப்பிடுவார்.

என்னை மன்னிக்கிறாயோ இல்லையோ, டியூப் போடுவதற்கு முன்னால் இதைச் செய்.

மது


ஸ்ரீரங்கம்
30 ஜூலை 2024

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் உன் மேல் கோபம் வந்தது. அப்புறம் அப்பா மேல். அப்புறம் யாரோ முகம் தெரியாத ஜமீல் பாய் மேல்கூட வந்தது. 

நீ சொன்னபடி முதலில் ஆறு நிமிஷப் பாட்டைத்தான் அப்பா காதில் வைத்தேன். கண்ணைத் திறந்தார். கேட்டார். முகத்தில் ஒன்றும் இல்லை, பேப்பர் படிக்கிறபோது இருக்குமே அந்த முகம். பாட்டு முடிந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. "அப்பா, அண்ணா எழுதிட்டான். அரியமங்கலம் போனது, படியைச் சீவினது, எல்லாம் எழுதிட்டான்" என்றேன்.

அந்த ப்ளேயரை இடது கையால் என் பக்கம் தள்ளினார். அப்புறம் குழறிக் குழறிச் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்துப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அது உனக்கு. எனக்கு அவளைப் போடு."

போட்டேன். இந்தத் தடவை ஒயரை இழுக்கவில்லை. அழுதார். ஐந்து நிமிஷம் இருபது விநாடியும் கண்ணீர் காதுப் பக்கம் இறங்கிக்கொண்டே இருந்தது, துடைக்க விடவில்லை. முடிந்ததும் இடது கை விரலைத் தூக்கிக் காட்டினார். இன்னொரு தடவை. நாலு தடவை கேட்டார். அப்புறம் கரைத்த மோர் சாதம் இரண்டு கரண்டி இறங்கியது. இப்போது தினமும் மூன்று வேளை, சாதத்துக்கு முன்னால் அம்மா. டாக்டர் டியூப் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எத்தனை நாளோ தெரியாது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. அவருடைய சத்யாவைக் கேட்டுக்கொண்டுதான் போவார். நேற்று உன்னைப் பற்றியும் சொன்னார். "அவனை வையாதே. சின்னப் பையன். நான்தான் சொல்ல விடலை."

இனி என் விஷயம்.

நீ அனுப்பிய என் அம்மாவை மூன்று நாளாக நான் கேட்கவில்லை. காதில் வைத்தேன், எடுத்துவிட்டேன். அப்பா எனக்காகப் பட்டறையில் செய்துகொண்டுவந்த பெண் அவள். எனக்குப் பாடினாள், என்னைத் தூங்கவைத்தாள், ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை. அப்பாவின் காதில் பாடுகிறாளே, அந்த அவசரக்காரி, அவள்தான் என்னைப் பெற்றவள். அவளை எனக்குத் தெரியாது. அவளோடு எனக்குப் பழக்கமே இல்லை. அப்பாவுக்கு இருக்கிறாள், உனக்கு இருக்கிறாள், சுப்ரஜா சித்திக்குக்கூட இருக்கிறாள். எனக்கு இருந்தவளும் இப்போது இல்லை.

எனக்கு அம்மா போனது இந்த வாரம்தான், அண்ணா. ஐம்பது வயதில் அம்மா போனால் எப்படி அழுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்கூலில் லீவு லெட்டர் எழுத உட்கார்ந்தேன், காரணம் என்று ஒரு வரி இருக்கிறது, அதில் என்ன எழுதுவது? பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே குரல் அடைத்துக்கொள்கிறது. பிள்ளைகள் சளியா மிஸ் என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன். வீட்டுக்கு வந்தால் அப்பா அவர் துக்கத்தோடு படுத்திருக்கிறார், அவரிடம் இதைச் சொல்ல முடியாது. தெருவில் யாரிடம் போய் எங்கள் அம்மா தவறிவிட்டாள் என்று சொல்வேன்? பதிமூன்று வயதில் நீ இதைத் தாங்கியிருக்கிறாய். என்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு தாங்கியிருக்கிறாய். எப்படி என்று ஒரு தடவை எனக்குச் சொன்னால் தேவலை.

உன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. துக்க வீட்டுக்கு யாரும் கூப்பிட்டு வருவதில்லை.

ஹம்ஸா